எல்எச்சி-க்கு அப்பால் எந்தக் கணக்கை நம்புவது?

மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷத்தில் அண்டக்கதிரை (விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் துகள்களை) ப்ராஜெக்ட்டாக எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் கட்டத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் இரும்புக் கருவிக்கு முன்மாதிரியாக, 85 டன்னில் மினி-ஐகால் என்ற கருவியை மதுரையிலேயே நிறுவியிருக்கிறார்கள். மலையைக் குடைவது பற்றிய வழக்கும் வாக்குவாதமும் தனிக்கதை. இந்தச் சின்னக் கருவி தரைக்கு மேலே இருந்தபடி, 2018 முதல் வானத்திலிருந்து வரும் மியூவான்களை (எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்களை) பிடித்துக் காட்டிவருகிறது. மலையேறினால் ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற அண்டக்கதிர்ச் சோதனை இருக்கிறது.

தரவு கிடைத்ததும் அடுத்த வேலை அதைக் கணினிக் கணிப்போடு ஒப்பிடுவது. அதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான கோர்சிகா என்ற நிரல். ஒரு அண்டக்கதிர் காற்றில் மோதி, அடுத்தடுத்த மோதல்களில் பெருகும் துகள் பொழிவை அது கணினியில் நடத்திக்காட்டும். அதை நிறுவும்போது கோகோநட் என்ற ஸ்கிரிப்ட் வரிசையாகக் கேள்வி கேட்கும். அதில் ஒன்று, உயர் ஆற்றல் ஹாட்ரான் (புரோட்டான், நியூட்ரான், பையான் வகைத் துகள்கள்) மோதல்களுக்கு எந்த மாதிரி வேண்டும் என்பது. டிபிஎம்ஜெட், எபோஸ், க்யூஜிஎஸ்ஜெட், சிபில், வீனஸ் என்று பட்டியல் நீளும். பையன்கள் இங்கேதான் நிற்பார்கள். “எல்லாரும் போடுறதையே போட்டுரவா சார்?” என்று ஒரு கேள்வி வரும். பாதிப் பேர் அதையும் கேட்காமல் என்டர் தட்டிவிடுவார்கள். 7-ஆம் வரிசைப் பதிப்புகளில் வெறும் என்டர் தட்டினால் கிடைப்பது க்யூஜிஎஸ்ஜெட் 01 என்ற பழைய மாதிரி. அது ஜெனீவாவின் எல்எச்சி மோதுவி (புரோட்டான்களை எதிரெதிரே மோதவிடும் பெரும் இயந்திரம்) ஓடத் தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டது. அதனால் என்டர் தட்டுவதை முதலிலேயே கழித்துவிடலாம். மீதி இருப்பவற்றில் எதை எடுப்பது என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் ஆற்றல் கணக்கு. எல்எச்சியில் 2015 முதல் 2018 வரை 13 டெரா எலக்ட்ரான்வோல்ட்டில் (இனி டெவ்) புரோட்டான்கள் எதிரெதிரே மோதின. அதே மோதலை, அசையாமல் நிற்கும் ஒரு புரோட்டான் மேல் இன்னொன்றை எறிந்து உண்டாக்க வேண்டுமானால், எறிவதற்கு சுமார் 9×10¹⁶ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். அண்டக்கதிர்களோ 10²⁰-ஐத் தாண்டியும் வந்திருக்கின்றன. 1991 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதிவானது 3.2×10²⁰. 10²⁰ எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் காற்றில் உள்ள ஒரு நியூக்ளியானில் (கருவுக்குள் இருக்கும் புரோட்டான் அல்லது நியூட்ரானில்) மோதினால் மோதல் ஆற்றல் சுமார் 433 டெவ். அந்த 13 டெவ்-ஐப் போல 33 மடங்கு. சதுர கிலோமீட்டருக்கு நூறு வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வரும் விருந்தாளிகள் இவை. ஆகவே 13 டெவ் வரை அளந்த கோட்டை அதற்கு மேல் நாமாகத்தான் நீட்ட வேண்டும். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரை ரோட்டைப் பார்த்தவர், திருச்சி வரைக்கும் இப்படியேதான் போகும் என்று சொல்வதுபோல.

வெறும் சூத்திரம் போதுமா?

எளிய வழி, புரோட்டான்-புரோட்டான் மோதலின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பை ஒரு சூத்திரமாக எழுதி நீட்டிவிடுவது. இரண்டு துகள்கள் மோதும் வாய்ப்பு எவ்வளவு என்பதைப் பரப்பளவாகச் சொல்வதுதான் குறுக்குவெட்டு. அலகு மில்லிபார்ன், அதாவது 10⁻²⁷ சதுர செ.மீ. ஆற்றல் கூடக்கூட இந்தப் பரப்பு பெருகுகிறது என்பது 1973இல், எல்எச்சியை நடத்தும் அதே செர்ன் ஆய்வகத்தின் ஐஎஸ்ஆர் மோதுவியில் தெளிவானது. எந்த வேகத்தில் பெருகுகிறது என்பதில்தான் தகராறு.

ஆற்றலின் மடக்கைக்கு நேர்விகிதமாக, ஒரு நேர்கோடாக ஏறுகிறது என்று வைத்துப் பார்க்கலாம். ஐஎஸ்ஆரில் 53 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் சுமார் 43 மில்லிபார்ன். 13 டெவ்-இல் எல்எச்சியின் அட்லஸ் சோதனைக் குழு அளந்தது 104.7. இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால், நடுவில் 546 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் 69 வர வேண்டும். செர்னில் யுஏ4 சோதனை அங்கே அளந்தது சுமார் 62 மட்டுமே. அளந்த புள்ளி கோட்டுக்குக் கீழே தொங்குகிறது, அதாவது வளர்ச்சி போகப்போக வேகமெடுக்கிறது. நேர்கோடு அவுட். இந்தக் கணக்கை மாணவர்கள் கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. கால்குலேட்டரில் ஐந்து நிமிஷ வேலை, ஒரு வழி மொத்தமாக அடைபட்டுப்போகும்.

அடுத்தது அடுக்குவிதி. டோனகியும் லேண்ட்ஸாஃபும் 1992இல் தந்த வடிவத்தில், மோதல் ஆற்றலின் வர்க்கத்தை 0.0808 அடுக்குக்கு உயர்த்தி 21.7-ஆல் பெருக்கினால் போதும். உயர் ஆற்றலில் மற்ற உறுப்பு ஒன்றுமில்லாமல் கரைந்துவிடும். இவ்வளவு சிக்கனமான சூத்திரம் இவ்வளவு தூரம் வேலை செய்தது ஆச்சரியம்தான். மூன்றாவது, மடக்கையின் வர்க்கமாக ஏறும் வடிவம். இதற்குப் பின்னால் ஒரு கோட்பாட்டு எல்லை இருக்கிறது. குறுக்குவெட்டு மடக்கையின் வர்க்கத்தைவிட வேகமாக என்றென்றும் ஏற முடியாது என்று 1961இல் ஃப்ராய்சார் காட்டினார், மார்ட்டின் அதை இன்னும் உறுதியான அடித்தளத்தில் வைத்தார். இந்த எல்லையைக் காட்டி அடுக்குவிதி தப்பு என்று எழுதுபவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். எண்களைப் போட்டால் எல்லை 13 டெவ்-இல் சுமார் 22 பார்ன். அளந்த மதிப்பைவிட இருநூறு மடங்கு மேலே. அவ்வளவு உயரத்தில் இருக்கும் கூரை யார் தலையிலும் இடிக்காது. ஃப்ராய்சார் எல்லை வடிவத்துக்கு வழி காட்டுமே தவிர, அளவுக்குத் தீர்ப்பு சொல்லாது.

தீர்ப்பைச் சொன்னது எல்எச்சி. அடுக்குவிதி 7 டெவ்-இல் 90.7, 13 டெவ்-இல் 100.3 தருகிறது. காம்பீட் என்ற ஆய்வுக் குழு தரவுகளுக்குப் பொருத்திய மடக்கை-வர்க்க வடிவம் (35.45 என்ற நிலையான பகுதி, வர்க்கத்துக்கு முன்னால் 0.308) 7-இல் 98.8, 13-இல் 110.2 தருகிறது. அளவீடுகள்: 7 டெவ்-இல் எல்எச்சியின் இன்னொரு சோதனையான டோட்டம் குழு சுமார் 98, அட்லஸ் 95.35. 13 டெவ்-இல் டோட்டம் 110.6, பிழை 3.4. அட்லஸ் 104.7, பிழை 1.1. அடுக்குவிதி இரண்டு குழுவுக்கும் கீழே விழுந்துவிடுகிறது. மடக்கை-வர்க்கம் டோட்டத்தோடு கைகோத்து, அட்லஸை விட்டு ஐந்து மில்லிபார்ன் விலகுகிறது. என் தேர்வு மடக்கை-வர்க்க வடிவம்தான். ஆனால் முன்னால் இருக்கும் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அட்லஸ் சொல்வது சரியென்றால் அதைக் கொஞ்சம் குறைக்க வேண்டிவரும்.

ஒரே மோதுவியில் இரண்டு குழுக்கள் ஒத்துப்போகாதது புதுசும் இல்லை. அமெரிக்காவின் டெவட்ரானில் 1.8 டெவ்-இல் ஈ710 சோதனை 72.8 என்றது, சிடிஎஃப் 80.03 என்றது. அடுக்குவிதி அங்கே 73 தந்து ஈ710 பக்கம் போய் உட்கார்ந்தது. மடக்கை-வர்க்கம் 77 தந்து நடுவில் நின்றது. எல்எச்சி வரும்வரை ஆளுக்கொரு அளவீட்டைக் காட்டி இரு தரப்பும் சண்டை போட்டதற்கு இதுவே காரணம். மோதுவியின் குழாயை ஒட்டி, மிகச் சிறிய கோணத்தில் சிதறும் புரோட்டான்களைப் பிடித்தால்தான் மொத்தக் குறுக்குவெட்டை அளக்க முடியும். அங்கே ஒரு சதவீதத் துல்லியத்துக்குப் படாத பாடு பட வேண்டும்.

சரி, 433 டெவ்-க்கு நீட்டினால்? அடுக்குவிதி 177, மடக்கை-வர்க்கம் 193. வித்தியாசம் ஒன்பது சதவீதம் சொச்சம். இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான். எறியும் ஆற்றல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடியும் மொத்தக் குறுக்குவெட்டில் நிச்சயமின்மை பத்து சதவீத அளவிலேயே நிற்கிறது. உண்மையான தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

வானத்தையே அளவுகோலாக வைத்தால்

நீட்டவே வேண்டாம், அண்டக்கதிரிலிருந்தே அளந்துவிடலாம் என்பது இன்னொரு வழி. அர்ஜென்டினாவின் மலார்குவே அருகே 3,000 சதுர கி.மீ. பரப்பில் இருக்கும் பியர் ஓஷே ஆய்வகம் 2012இல் அப்படிச் செய்தது. காற்றில் மிக ஆழமாக இறங்கியபின் துகள் எண்ணிக்கை உச்சமடைந்த 20 சதவீதப் பொழிவுகளை மட்டும் எடுத்து, அவற்றின் வால் எப்படிச் சரிகிறது என்று பார்த்தார்கள். ஆழமாக இறங்குபவை பெரும்பாலும் புரோட்டான்கள் என்பது அதன் அடிப்படை. ஹீலியம் கலந்திருந்தால் விடை மாறும், அதையும் பிழைக் கணக்கில் சேர்த்தார்கள்.

கிடைத்தது: 57 டெவ்-இல் புரோட்டான்-காற்று குறுக்குவெட்டு 505 மில்லிபார்ன். அதை கிளாபர் முறையில் (கருவோடு நடக்கும் மோதலைத் தனித்தனி நியூக்ளியான் மோதல்களாகப் பிரித்துப் போடும் கணக்கில்) புரோட்டான்-புரோட்டானுக்கு மாற்றினால் மொத்தம் 133. பிழை புள்ளியியலில் 13, கருவி முறையில் சுமார் 20, கிளாபர் மாற்றத்தில் இன்னொரு 16. நம் இரண்டு சூத்திரங்களையும் அதே 57 டெவ்-இல் போட்டால் அடுக்குவிதி 127, மடக்கை-வர்க்கம் 141. ஓஷேயின் 133 இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து இருவரையும் வாழ்த்துகிறது. யூட்டாவின் டெலஸ்கோப் அரே 2020இல் 73 டெவ்-இல் 520 மில்லிபார்ன் புரோட்டான்-காற்றுக்குச் சொன்னது. அங்கேயும் பிழை பெரிசு. நீட்டல் எங்கேயாவது பைத்தியக்காரத்தனமாகப் போகிறதா என்று சரிபார்க்க இவை அருமையான அளவீடுகள். இரண்டு சூத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இவற்றை வைத்து முடியாது.

இந்த வழியில் ஒரு சுற்றும் இருக்கிறது. பொழிவின் சரிவிலிருந்து குறுக்குவெட்டுக்கு வருவதற்கே கணினி மாதிரிகள் வேண்டும். மாதிரியைச் சோதிக்க வந்தவர் அந்த மாதிரியிடமே வழி கேட்கிறார்.

மாதிரிகளுக்குள் எது?

மேலே சொன்ன தலைவலி இங்கேதான். காற்றில் ஆழத்தை, ஒரு சதுர செ.மீ.க்குக் கடந்த காற்றின் கிராம் கணக்கில் சொல்வது வழக்கம். 505 மில்லிபார்ன் என்றால் புரோட்டான் சராசரியாக 48 கிராம்/ச.செ.மீ. காற்றைக் கடந்ததும் முதல் மோதல். மதுரைத் தரைக்கு மேலே இருக்கும் காற்று 1,000 கிராம்/ச.செ.மீ.க்குச் சற்று மேல். குறுக்குவெட்டு பத்து சதவீதம் தவறினால் முதல் மோதல் ஐந்து கிராம் போல நகரும். புரோட்டான்-புரோட்டானில் பத்து சதவீதத் தவறு, காற்றுக்கு மாற்றும்போது அதைவிடக் குறைவாகவே தெரியும். ஏனென்றால் நைட்ரஜன் கரு ஏற்கெனவே ஏறக்குறைய ஒளிபுகாத தட்டாக இருக்கிறது. புரோட்டான் பொழிவுக்கும் இரும்புக் கருப் பொழிவுக்கும் உச்ச ஆழத்தில் உள்ள வித்தியாசம் சுமார் 100 கிராம். ஆக, மோதல் எத்தனை முறை நடக்கும் என்பதில் உள்ள சந்தேகம் தாங்கக்கூடியது. ஒவ்வொரு மோதலிலும் என்ன பிறக்கிறது, முன்னோக்கிப் போகும் துகள் எவ்வளவு ஆற்றலைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது என்பதில்தான் மாதிரிகள் பிரிகின்றன. எல்எச்சியின் பெரிய கருவிகள் பக்கவாட்டில் தெறிப்பவற்றை நன்றாகப் பார்க்கின்றன. பொழிவை நடத்துவதோ குழாயோடு முன்னால் ஓடுபவை. எல்எச்சிஎஃப் போன்ற சில கருவிகள் மட்டுமே அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கின்றன.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒவ்வொரு தலைமுறை மோதலிலும் ஹாட்ரான்களிடம் தங்கும் ஆற்றல் ஒரு மாதிரியில் இன்னொன்றைவிட ஐந்து சதவீதம் கூடுதல் என்று வையுங்கள். மோதலில் பிறக்கும் மின்னூட்டமில்லாத பையான்கள் உடனே ஃபோட்டான்களாகச் சிதைந்து அந்த ஆற்றலை மின்காந்தப் பக்கம் கொண்டுபோய்விடும். மியூவான்களைப் பெற்றுத்தருவது மிச்சமிருக்கும் ஹாட்ரான்கள்தான். எட்டுத் தலைமுறை கடந்தால் 1.05-இன் எட்டாம் அடுக்கு, சுமார் 1.48. தரையில் மியூவான் எண்ணிக்கை ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. ஒன்பது சதவீதக் குறுக்குவெட்டுச் சண்டை இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

எல்எச்சி தரவைப் பார்த்துத் திருத்தப்பட்டவர்களில் மூவர் முக்கியம். ஓஸ்டப்சென்கோவின் க்யூஜிஎஸ்ஜெட்-II-04, எபோஸ்-எல்எச்சி, சிபில் 2.3டி. மூன்றும் ஒரே அடிப்படை யோசனையிலிருந்து கிளம்பியவைதான். குணம் வேறு.

க்யூஜிஎஸ்ஜெட்-II-04 கோட்பாட்டு ஒழுங்கில் கறார். கைவைத்துத் திருப்ப வேண்டிய திருகுகள் குறைவு. மூன்றில் உச்ச ஆழம் குறைவாக வருவதும், மியூவான் குறைவாக வருவதும் இதில்தான். கிரேப்ஸ்-3 குழு புரோட்டான் நிறமாலையில் (எந்த ஆற்றலில் எத்தனை வருகின்றன என்ற கணக்கில்), வரும் புரோட்டானின் ஆற்றல் சுமார் 166 டெவ் பக்கம் ஒரு திருப்பத்தைக் காட்டிய 2024 வேலைக்கு இதைத்தான் எடுத்தது. எபோஸ் எல்எச்சியின் நுணுக்கமான தரவுகளையெல்லாம் பொருத்திப் பார்க்கும் ஆசை கொண்டது. பேரியான்களும் (புரோட்டான் வகை) ரோ மீசான்களும் (உடனே பையான்களாகச் சிதையும் ஹாட்ரான்கள்) தாராளமாகப் பிறப்பதால் மியூவான் கூடும். ஆனால் ஓட்டம் மெதுவு. சிபில் ஆரம்பத்திலிருந்தே அண்டக்கதிருக்கென்றே எழுதப்பட்டது, வேகமானது. 2.3 வரிசையில் அதிலும் மியூவானை உயர்த்திவிட்டார்கள். உச்ச ஆழம் மூன்றில் இதில்தான் அதிகம். க்யூஜிஎஸ்ஜெட்டுக்கும் இதற்கும் 25 முதல் 30 கிராம் இடைவெளி. புரோட்டான்-இரும்பு இடைவெளியில் கால்வாசிக்கு மேல்! எந்த மாதிரி எடுத்தோம் என்பதை வைத்தே வந்தது இலேசான கருவா கனமான கருவா என்ற முடிவு புரளலாம்.

மூன்றில் எது உண்மைக்குப் பக்கம்? ஓஷே 2016இல் வெளியிட்ட ஒப்பீட்டில், சுமார் 10¹⁹ எலக்ட்ரான்வோல்ட்டில் ஹாட்ரான் பகுதியைத் தரவோடு பொருத்த எபோஸ்-எல்எச்சியை 33 சதவீதம் உயர்த்த வேண்டியிருந்தது, க்யூஜிஎஸ்ஜெட்-II-04-ஐ 61 சதவீதம். பிழை முறையே 16, 21. யாரும் பாஸ் இல்லை, ஒருவர் குறைவாகத் தவறியிருக்கிறார். இதை வைத்து “எபோஸே சிறந்தது” என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். மியூவானில் கிட்டே வந்தவர் அங்கே சரியான காரணத்துக்காகத்தான் வந்தார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதனால் என் யோசனை, ஒன்றை எடுக்காதீர்கள், ஒரு ஜோடியை எடுங்கள். உச்ச ஆழம்தான் உங்கள் கேள்வி என்றால் க்யூஜிஎஸ்ஜெட்-II-04, சிபில் 2.3டி. மியூவான் எண்ணிக்கை என்றால் க்யூஜிஎஸ்ஜெட்-II-04, எபோஸ்-எல்எச்சி. இரண்டின் விடைகளையும் தனித்தனியே காட்டுங்கள். மூன்றையும் ஓட்டி சராசரி எடுத்துப் பிழைக்கோடு போடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. மூன்றும் ஒரே திசையில் தவறும்போது சராசரிக்கு என்ன அர்த்தம்? கல்லூரி லேபில் இருப்பது நான்கைந்து கணினிகளும் பாதி நேரம் தாக்குப்பிடிக்கும் ஒரு யுபிஎஸ்-உம் என்றால், சிபில்லில் நிறைய ஓட்டிவிட்டு, இன்னொன்றில் சில நூறு பொழிவுகள் மட்டும் ஓட்டி வித்தியாசத்தை மதிப்பிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். 10¹⁸-க்கு மேல் போனால் மெலிதாக்கல் (எல்லாத் துகள்களையும் பின்தொடராமல், சிலவற்றை மட்டும் எடைபோட்டுப் பின்தொடர்வது) இல்லாமல் அங்கே ஒரு பொழிவுகூட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மதுரை மியூவானுக்கு இதெல்லாம் வேண்டுமா?

இங்கேதான் பல ப்ராஜெக்ட்டுகள் வழிதவறுகின்றன. எபோஸா சிபில்லா என்று ஒரு மாதம் படித்துவிட்டு, கடைசியில் ஒப்பிடுவது மதுரையில் தரைமட்டத்தில் எண்ணிய சாதாரண மியூவான்களோடு. சதுர செ.மீ.க்கு நிமிஷத்துக்கு ஒன்று என்ற அளவில் வரும் அந்த மியூவான்கள் பெரும்பாலும் பத்து முதல் சில நூறு ஜிகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான்களின் பிள்ளைகள். 10²⁰-க்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

மதுரை காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், நேர்மேலே இருந்து வரும் துகள்களுக்குச் சுமார் 17 ஜிகாவோல்ட் தடை. அதற்குக் கீழ் உள்ள புரோட்டான்களைப் பூமியின் காந்தப்புலம் திருப்பி அனுப்பிவிடும். மேற்கிலிருந்து வருபவற்றுக்குத் தடை குறைவு, கிழக்கிலிருந்து அதிகம். மதுரையில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுள்ள உணர்கருவி அடுக்கை வைத்துத் திசைவாரியாக எண்ணி, கோர்சிகாவோடு ஒப்பிட்டு ஆய்வுக்கட்டுரைகள் வந்திருக்கின்றன. இந்த மாதிரி வேலையில் முடிவைத் தீர்மானிப்பது கோகோநட்டின் அடுத்த கேள்வி, குறைந்த ஆற்றல் மாதிரி எது என்பது. இங்கேயும் வெறும் என்டர் தட்டினால் கெய்ஷா வரும், பழசு. ஃப்ளூகாவைத் தனியாகப் பதிவு செய்து வாங்கி இணைக்க வேண்டும், கொஞ்சம் அலைச்சல். ஆனால் என் வாக்கு அதற்குத்தான். அந்த அலைச்சல் முடியாது என்பவர்களுக்கு யுஆர்க்யூஎம்டி இருக்கிறது, நேரம் கூடுதலாகும்.

உயர், குறைந்த ஆற்றல் மாதிரிகளுக்கு நடுவே எல்லைக்கோடு வழக்கமாக 80 ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் இருக்கும். மதுரை மியூவான்களைத் தரும் மோதல்கள் இந்தக் கோட்டின் இரு பக்கமும் கொட்டிக் கிடக்கின்றன. உள்ளீட்டுக் கோப்பில் ஹைலோ என்ற வரியை 80-இலிருந்து 200-க்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விடை நகர்ந்தால் அதுதான் உங்கள் உண்மையான நிச்சயமின்மை. எபோஸுக்குப் பதில் சிபில் போட்டால் வரும் வித்தியாசத்தோடு அதை ஒப்பிட்டு ஒரு வரைபடம் போட்டாலே ப்ராஜெக்ட்டில் ஒரு அத்தியாயம் ஆகிவிடும்.

உயர் ஆற்றல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் எல்எச்சியில் முதன்முறையாக புரோட்டானையும் ஆக்சிஜனையும் மோதவிட்டார்கள். இவ்வளவு உயர் ஆற்றலில், காற்றில் நடப்பதற்கு ஆய்வகத்தில் இதைவிட நெருக்கமான மோதல் அதுவரை இருந்ததில்லை. கிளாபர் மாற்றத்தில் இருக்கும் சந்தேகத்தையும், முன்னோக்கிப் பறக்கும் துகள்களின் கணக்கையும் நேராகத் தொடும் தரவு இது. மாதிரிகள் அதற்கேற்பத் திருத்தப்படும், புதுப் பதிப்புகள் வரும். ஆகவே இப்போது ஓட்டும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கோர்சிகாவின் பதிப்பு எண், இரண்டு மாதிரிகளின் பெயரும் பதிப்பும், ஹைலோ மதிப்பு, மெலிதாக்கல் அளவு, தற்போக்கு எண் வரிசையின் தொடக்க எண்கள் எல்லாவற்றையும் உள்ளீட்டுக் கோப்போடு சேர்த்து எடுத்து வையுங்கள். அடுத்த பேட்ச் மாணவர் புதுப் பதிப்பில் அதே ஓட்டத்தை மறுபடி ஓட்டும்போது, வித்தியாசம் மாதிரியால் வந்ததா அமைப்பால் வந்ததா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.